ஷாக்கா கிட்டுசாமி

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் கிட்டுசாமி என்ற பெயர் யாரையும் உறுத்தியதில்லை. அவர் பிறந்த வீதியிலேயே மூன்று கிட்டுசாமிகள் இருந்தார்கள். அதில் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்தார். பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் வந்து இறங்கிய முதல் வாரமே அந்த மதிப்பு போயிற்று. மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை. மேனேஜர் அவருடைய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார், உதட்டை இரண்டு மூன்று விதமாக மடித்துப் பார்த்தார், பிறகு முயற்சியைக் கைவிட்டு, “உன்னைக் கிட்டி என்று கூப்பிடுகிறேன், சரியா?” என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்த கிட்டுசாமி, வெள்ளைக்காரன் தனக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறான் என்று மனைவி வசந்தாமணியிடம் பெருமையாகச் சொன்னார்.

அவர்களுடைய மகள் வெண்பா பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், கிட்டி என்றால் பூனைக்குட்டி என்று வீட்டுக்கு வந்து சொல்லும்வரை அந்தப் பெருமை நீடித்தது. அதற்குள் பெயர் மின்னஞ்சலில் ஏறி, நாற்காலியின் முதுகில் ஏறி, கம்பெனி சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. ஆறடி உயரம், அருவாள் மீசை, தாத்தா காலம்வரை ஒரு பார்வையில் வேலைக்காரரை நடுங்கவைத்த பண்ணையக்கார வம்சம். அவருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அலுவலகத்தில் பூனைப் படம் போட்ட காப்பிக் கோப்பை பரிசாக வந்தது. சமையலறை அலமாரியில் அவற்றை வைக்க இடமில்லாமல் வசந்தாமணி ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று நட்டாள்.

கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் டைரக்டர் ஆகிவிட்டார்கள். கிட்டுசாமி ஆகவில்லை. காரணத்தை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். பூனைக்குட்டி சொன்னால் யார் கேட்பார்கள்? மீட்டிங்கில் அவர் வாயைத் திறப்பதே இல்லை என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாமா என்று வசந்தாமணி ஒருமுறை கேட்டாள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்த நிலையில்தான் நிறுவனம் ஆஸ்டின் நகரத்து ஓட்டல் ஒன்றில் தலைமைப் பண்புப் பயிற்சி வைத்தது. கலிபோர்னியாவிலிருந்து வந்த பயிற்சியாளர் டாக்டர் பட்டம் பெற்றவர், மொட்டைத் தலை, கழுத்தில் எலும்பு மணி மாலை. ஆப்பிரிக்காவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஷாக்கா என்ற ஜூலு மன்னன் ஒரு சிறு கூட்டத்தைப் பேரரசாக்கிய வித்தையைத் தான் மேனேஜர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் கற்றுத்தரப்போவதாகச் சொன்னார். மன்னன் நீளமான ஈட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குட்டை ஈட்டி கொடுத்தான் அல்லவா? அதற்கு அர்த்தம், மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுது. படை வீரர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடச் சொன்னான் அல்லவா? அதற்கு அர்த்தம், சௌகரியத்தை விடு. எல்லாரும் ஷூவைக் கழற்றிவிட்டு ஓட்டல் கம்பளத்தில் மாட்டுக் கொம்பு வடிவத்தில் ஓடினார்கள். நடுவில் நெற்றிப்படை, இரண்டு பக்கமும் வளைந்து வந்து எதிரியைச் சுற்றிக்கொள்ளும் கொம்புகள். காங்கேயம் காளையின் கொம்பைத் தொட்டு வளர்ந்தவர் அந்தக் கூட்டத்தில் கிட்டுசாமி ஒருவர்தான். இடது கொம்பின் நுனியாக அவர் ஓடியபோது மயிர்க்கூச்செறிந்தது.

“ஷாக்கா என்றால் என்ன பொருள் தெரியுமா?” என்று டாக்டர் கடைசியில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. “இடியின் புதல்வன்!”

கிட்டுசாமிக்கு ஷூ போட்டுக்கொள்ளவே மறந்துவிட்டது.

அடுத்த மாதம் அவருக்குக் குடியுரிமை நேர்காணல் வந்தது. அமெரிக்காவின் அரசியல் சட்டம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். முடிவில் அதிகாரி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?” என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது. சிலர் அப்பா பெயரைப் பின்னால் தள்ளுவார்கள், சிலர் நீளத்தைக் குறைப்பார்கள். கிட்டுசாமி நிமிர்ந்து உட்கார்ந்து, “ஷாக்கா” என்றார். அதிகாரி எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டிச் சொன்னார். தன் பெயரை ஒரே தடவையில் ஒரு அமெரிக்கர் சரியாக எழுதியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

வீட்டில் சொல்லவில்லை. உறுதிமொழி ஏற்கும் விழாவில் திடீரென்று தெரியட்டும் என்று இருந்துவிட்டார். தெரிந்தது. பெயர் மாற்றிக்கொள்பவர்களை நீதிபதி ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லி வாசித்தார். பார்வையாளர் வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த வசந்தாமணி, வேறு யாரையோ கூப்பிடும்போது தன் கணவர் எழுந்து நிற்கிறாரே என்று பதறிக் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் கார் ஊர்ந்தது.

“ஏனுங்க, அந்த ஜட்ஜு யாரையோ ஷாக்கான்னு கூப்ட்டாரு, நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க?”

“அது நான்தான்.”

“என்னது நீங்கதான்?”

“பேரை மாத்திக்கிட்டேன் வசந்தா. ஷாக்கா கிட்டுசாமி.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். “நல்ல நாளும் அதுவுமா சாக, சாகன்னு! வேற பேரே கெடைக்கலீங்களா? ஊருக்குப் போன் போட்டு ‘ஷாக்கா பேசறேன்’னா உங்கம்மா அங்கயே ஒப்பாரி வெச்சுருவாங்க.”

“அது ராஜா பேரு. இடியின் புதல்வன்னு அர்த்தம்.”

“உங்கப்பா ரேசன் கடைல அரிசி எடை போட்டவரு. அவரு எப்பங்க இடி ஆனாரு?”

பின் சீட்டிலிருந்து வெண்பா ஆங்கிலத்தில் கேட்டாள், “டாட், அந்தப் பேரை ஒரு தடவையாவது கூகுள் பண்ணிப் பார்த்தீர்களா?”

“எனக்குச் சொன்னவரு டாக்டரும்மா.”

“எந்த டாக்டருங்க? கண்ணு டாக்டரா?” என்றாள் வசந்தாமணி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்கென்ன வந்துச்சு. நான் என்ன பேரு சொல்லியா கூப்படறேன்? நீங்க ஷாக்கா ஆனாலும் சரி, மூக்கா ஆனாலும் சரி, எனக்கு ஏனுங்கதான்” என்று முடித்துவிட்டாள்.

அலுவலகத்தில் அவர் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். குட்டை ஈட்டி போலச் சுருக்கமாகவே எழுதினார். மறுநாள் காலை உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பையன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, மற்ற விரல்களை மடக்கி, கையை ஆட்டிக் காட்டினான். லிஃப்டில் ஒருவன் காட்டினான். காப்பி மெஷின் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து காட்டினார்கள். கோபியில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். காலை பத்து மணிக்கு அலுவலகமே தன்னைத் தண்ணியடிக்கக் கூப்பிடுகிறது என்று கிட்டுசாமி திகைத்துப் போனார். வெண்பாதான் மாலையில் விளக்கினாள். ஹவாய்த் தீவில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் முத்திரை அது. அதற்கும் ஷாக்கா என்றுதான் பெயர். அந்த மன்னனுக்கும் இந்த விரலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பூனைக் கோப்பை வரவில்லை. தென்னைமரமும் அலையும் போட்ட சட்டை வந்தது. மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண்மணி அவரைத் தனியாக அழைத்து, மிகுந்த மரியாதையோடு, அவருக்கு ஆப்பிரிக்கப் பூர்வீகம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். மனித இனமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே என்றார் கிட்டுசாமி. அவள் புன்னகையோடு எதையோ குறித்துக்கொண்டாள்.

இப்படி எல்லாப் பக்கமும் அடி விழுந்துகொண்டிருந்தபோது ஆதரவுக் கரம் நீட்டியவர் தமிழ்ச் சங்கத் தலைவர் சந்தானம். அவர் வாரநாட்களில் சிப் வடிவமைப்பாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் மொழியியல் அறிஞர். உலகத்தில் தமிழிலிருந்து வராத சொல் எதையும் அவர் இன்னும் சந்தித்ததில்லை. ஆஸ்டின் வழியாக ஓடும் கொலராடோ ஆற்றை அவர் ‘கொல்லர் ஆடிய ஆறு’ என்று நிறுவியிருந்தார்.

“கிட்டு சார், நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலை. ஷாக்கா இல்ல சார் அது. சாகா! சாகாவரம்! அந்த ராஜா நம்மாளு சார்.”

“நெசமாங்களா?”

“பொங்கல் விழாவுல நீங்க பேசறீங்க. தலைப்பு நான் குடுக்கறேன். ‘சாகா மன்னன்: ஆப்பிரிக்காவில் தமிழர் ஆட்சி.’”

கிட்டுசாமிக்கு முதலில் தயக்கம். ஆனால் இடியின் புதல்வனுக்குச் சாகாவரமும் சேர்ந்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றியது. இன்னொரு யோசனையும் வந்தது. அலுவலகத்தில் புதிதாக வைஸ் பிரசிடென்டாக வந்திருந்தவர் நோம்வுலா என்ற அம்மையார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பிறந்த ஜூலு இனத்தவர். முதல் நாள் அறிமுகத்திலேயே கிட்டுசாமியின் பெயரை இரண்டு முறை கேட்டு, புருவத்தை உயர்த்தி, “இந்தப் பெயர் உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்” என்று சிரித்திருந்தார். டைரக்டர் பதவி ஒன்று அப்போது காலியாக இருந்தது. கிட்டுசாமி அவரைப் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். அவரும் வருவதாகச் சொன்னார்.

விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. முன் வரிசைகளில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோர்கள் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுநாயகமாகச் சந்தானத்தின் மாமியார் நாகலக்ஷ்மி அம்மாள். மேடையில் தமிழ் தவிர வேறு மொழி ஒலிக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதியை நினைவூட்டும் மின்னஞ்சல்கள் ஆங்கிலத்தில் வரும்.

கிட்டுசாமி நன்றாகவே பேசினார். இடி, கொம்பு, சாகாவரம் எல்லாம் வந்தன. கைதட்டலும் வந்தது. நோம்வுலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெண்பா அத்தனையையும் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். பிறகு நோம்வுலாவைப் பேச அழைத்தார்கள். விருந்தினருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, ஆனால் அவர் ஆங்கிலத்தில் பேசுவதை ஒருவர் உடனே தமிழில் சொல்ல வேண்டும். அழைத்து வந்தவர் என்ற முறையில் அந்த வேலை கிட்டுசாமிக்கே வந்தது.

பொங்கலுக்கு அழைத்ததற்கு நன்றி சொன்னார் நோம்வுலா. கிட்டுசாமி அதைக் கணீரென்று தமிழாக்கினார்.

“எங்கள் ஊரில் இந்தப் பெயரை யாரும் பிள்ளைக்குச் சும்மா வைத்துவிடுவதில்லை.”

“இந்தப் பேரை எல்லாருக்கும் வெச்சுர முடியாதுங்க. அதுக்கு ஒரு தகுதி வேணும்” என்று தமிழில் சொன்னார் கிட்டுசாமி.

பின் வரிசைகளில் லேசாகச் சலசலப்பு கிளம்பியது. அங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்.

“அதற்கு இடி என்றும் பொருளில்லை, சாகாமை என்றும் பொருளில்லை,” என்றார் நோம்வுலா. “இஷாக்கா என்பது ஒரு வண்டு. வயிற்றுக்குள் புகுந்து உப்ப வைக்கும் என்று அந்தக் காலத்து மக்கள் நம்பிய வண்டு.”

கிட்டுசாமி ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். முன் வரிசையில் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது ஒரு... ஒரு மாதிரியான... உள்ளுக்குள்ள இருக்கற சக்திங்க.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து வசந்தாமணியின் குரல் எழுந்தது. அவளுக்கு ஒலிவாங்கி தேவைப்பட்டதே இல்லை.

“வண்டுங்கறாங்கொ! வயித்துல வண்டு! ஒழுங்காச் சொல்லுங்க!”

இனி ஒளிவதற்கு இடமில்லை. “வண்டுங்க,” என்றார் கிட்டுசாமி. “வயித்தை உப்ப வெக்கற வண்டு. அதுதான் என்ற பேரு.”

முன் வரிசையிலிருந்து நாகலக்ஷ்மி அம்மாள் கை உயர்த்தினார். “அதுசரி தம்பி, பெத்தவ எதுக்குப் புள்ளைக்கு அந்தப் பேரை வெச்சா? அதைக் கேளு.”

கேட்டார். நோம்வுலா தன் கையிலிருந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டு, மேடையின் விளிம்புக்கு வந்து அந்த அம்மாளைப் பார்த்தே சொன்னார். அந்த ராஜாவின் தாய் பெயர் நந்தி.

“நந்தியா?” என்று முன் வரிசை முழுவதும் முனகியது. “சிவன் கோயில் நந்தியா?”

எங்கள் மொழியில் நந்தி என்றால் இனிமையானவள் என்றார் நோம்வுலா. கல்யாணத்துக்கு முன்பே ஒரு தலைவனால் அவள் கருவுற்றாள். பெண் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் நம்பவில்லை.

கிட்டுசாமி இப்போது கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேடைத் தமிழையும் விட்டுவிட்டார். கோபிப் பேச்சு தானாக வந்தது. “‘புள்ளையும் இல்ல, கிள்ளையும் இல்ல. வயித்துல வண்டு பூந்துருக்குது, கசாயம் வெச்சுக் குடுங்க’ன்னு சொல்லிவுட்டுட்டாங்க.”

“பாவிகளா!” என்றார் நாகலக்ஷ்மி அம்மாள். “எந்த ஊருக்குப் போனாலும் மாப்பிள்ளை வீடு இப்படித்தான்!” சந்தானம் மேடையில் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

“மாசம் நெறஞ்சுது. ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. பொண்ணு வீட்டுல திரும்ப ஆள் அனுப்பிச்சாங்க. என்னன்னு? ‘உங்க வண்டு பொறந்துருச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க’ன்னு.”

முன் வரிசை கைதட்டியது. பின் வரிசையும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே கேட்டதைத் தமிழில் மறுபடி கேட்கக் காத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் ஊர் ஊராகத் துரத்தப்பட்டதையும், மற்றப் பையன்கள் அவனை எள்ளி நகையாடியதையும் நோம்வுலா சொன்னார். பிறகு ஆங்கிலேயர்கள் வந்து அந்தப் பெயரைத் தங்களுக்கு வந்தபடியெல்லாம், சாக்கா என்றும் ட்ஷாக்கா என்றும் எழுதினார்கள். முதலில் மற்றவர்களைப் பயமுறுத்த அதைச் சொன்னார்கள். இப்போது மேனேஜர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அதைச் சொல்கிறார்கள்.

“ஆனால் அந்தப் பையன் வளர்ந்து பேரரசன் ஆன பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை,” என்று முடித்தார்.

இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லக் கிட்டுசாமிக்குச் சற்று நேரம் பிடித்தது. “ராஜா ஆன பொறவும்... அந்தப் பேரை அவரு மாத்திக்கலீங்க,” என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குடித்தார்.

நன்றியுரை சொல்ல வந்த சந்தானம் கொஞ்சமும் கலங்கவில்லை. “அம்மையார் நம் ஆய்வுக்கு அரிய சான்று தந்திருக்கிறார். ஒரு பெண் கருவுற்ற கதை இது. கருவுக்குத் தமிழில் என்ன பெயர்? சூல்! சூல், சூலு, ஜூலு!” என்று முழங்கினார். அதற்கும் கைதட்டினார்கள்.

டைரக்டர் பதவி கிட்டுசாமிக்குக் கிடைக்கவில்லை. டென்வரிலிருந்து வந்த சக் என்பவருக்குப் போயிற்று. நோம்வுலா கிட்டுசாமியைத் தனியே கூப்பிட்டு, மழுப்பாமல் காரணம் சொன்னார். “அன்றைக்கு மேடையில் பேசினாரே ஒருவர், அவர் நம் மீட்டிங்குக்கு வருவதே இல்லை.” இரண்டு நாள் கிட்டுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மீட்டிங்கில் பேச ஆரம்பித்தார். யாராவது விரலை ஆட்டிக் காட்டினால் நிறுத்தி வைத்து வண்டிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னார். கொஞ்ச நாளில் காப்பி மெஷின் பக்கம் விரல்கள் எல்லாம் அடங்கிவிட்டன. அவர் கோப்பையோடு வருவது தெரிந்தாலே ஆட்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் கேட்க ஆளில்லாமல் போகவில்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோர்கள் மாலையில் நடக்கும் பூங்காவில் நாகலக்ஷ்மி அம்மாள் அவரை மடக்கினார்.

“வண்டுத் தம்பி, அந்தப் புள்ளை அப்பறம் என்ன ஆச்சு? பாதியில விட்டுட்டியே.”

கிட்டுசாமிக்குத் தெரியவில்லை. அசல் மன்னனைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நூலகத்துக்குப் போனார். வெண்பா ஆச்சரியத்தோடு கூட வந்து புத்தகம் தேடிக் கொடுத்தாள். ஓட்டலில் காட்டிய ஸ்லைடுகளில் இல்லாதது எவ்வளவோ இருந்தது. ஊர்களை அழித்திருந்தான். தாய் நந்தி செத்தபோது சரியாக அழவில்லை என்று எத்தனையோ பேரைக் கொல்லச் சொன்னான் என்று எழுதியிருந்தது. அது மிகைப்படுத்தியது என்றும் வேறொரு புத்தகத்தில் எழுதியிருந்தது. கடைசியில் அவனுடைய மாற்றாந்தாய் மக்களே அவனைக் குத்திக் கொன்றார்கள்.

அடுத்த வாரம் பூங்காவில் ஐந்தாறு பேர் பெஞ்சைச் சுற்றி உட்கார, அத்தனையையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

“அண்ணந்தம்பிகளே கொன்னுட்டானுங்களா?” என்றார் பெருந்துறையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். “என்ற தம்பியும் கெணத்துப் பாகத்துக்கு இப்புடித்தான் வேல்கம்போட வந்தான். கோர்ட்டுல கெடக்குது.” இன்னொருவர் தன் பங்காளியின் வரப்புத் தகராறை எடுத்தார். ஆப்பிரிக்கா அப்படியே ஈரோடு மாவட்டமாகிவிட்டது.

நாகலக்ஷ்மி அம்மாள் மட்டும் கிட்டுசாமியை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் தம்பி, அவ்வளவு பேரைக் கொன்னவன் பேரையா வெச்சுக்கிட்டு திரியுறே? படிச்ச புள்ளைதானே நீ?”

கிட்டுசாமி யோசித்தார். “ராஜா பேருன்னு நெனச்சுத்தானுங்க வெச்சேன்,” என்றார். “இப்பத் தெரியுது, அது வண்டோட பேருங்க. அது பாவம், யாரையும் ஒண்ணும் பண்ணல.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, தன் பக்கத்தில் பெஞ்சில் இடம் ஒதுக்கி, அந்தப் பெண்ணரசி நந்தியைப் பற்றி இன்னும் விவரமாகச் சொல்லச் சொன்னார். பெருந்துறைப் பெரியவர் கிணற்றுக் கதையை நிறுத்துவதாக இல்லை. அவர் முடிக்கட்டும் என்று கிட்டுசாமி காத்திருந்தார்.